எந்தச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புவது

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் போன் அடித்தது. எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் வேலை செய்யும் மாரிமுத்து. "அண்ணே, சூசைண்ணன் போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலின்னுருக்காவ. ஆஸ்பத்திரி போய்ச் சேரதுக்குள்ள..." நான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இருபது வருட ஷிஃப்ட் வேலைக்குப் பிறகு அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இருப்பதில்லை.

ஒரகடத்தில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூசையண்ணன் ஸ்டோர் கீப்பர். நான் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு அவரை ஸ்டோரில் பார்த்த ஞாபகமே இருக்காது. கேன்டீனில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீறல் விழுந்த போனில் நமக்காக விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தவராகத்தான் தெரியும். கமிஷன் கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

"லீவ் கெடைச்சப்பொறம் டிக்கெட் தேடினா சொத்த எழுதிக் குடுக்கணும்பா. டிக்கெட் மலிவா கீற நாள பாத்து லீவ் கேளு" என்பார். சொன்னதோடு விடமாட்டார். தீபாவளிக்கு ஜான்சன் வேலையில் நிற்பான், கிறிஸ்துமஸுக்கு முருகன் நிற்பான் என்று மூன்று மாதம் முன்பே பேசி முடித்துவிடுவார். சூப்பர்வைசருக்குத் தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி.

மதுரைக்கு விலை ஏறினால் திருச்சிக்குப் போட்டு, அங்கிருந்து பஸ் ஏறச் சொல்வார். என் பை ஒருமுறை ஸ்டோர் தராசில் விமானக் கணக்கைவிட எடை கூடியபோது மூன்று சட்டைகளை என்மேலேயே மாட்டிவிட்டு, "இன்னாபா, கல்யாண மாப்ள மாதிரி கீற" என்று அவரே கேலியும் செய்தார். வியர்வை ஊற்ற ஊற்ற, அவரைத் திட்டிக்கொண்டேதான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அவர் கணக்குத் தப்பிய ஒரு டிக்கெட்டையும் சொல்லத்தான் வேண்டும். மாரிமுத்துவின் அம்மா மும்பையில் மூத்த மகன் வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலை விமானத்துக்கு இரண்டு மடங்கு விலை. ஞாயிறு 00:20 என்று ஒன்று பாதி விலையில் இருந்தது, அதையே போட்டார். எங்கள் தொழிற்சாலைக் கணக்கில் ஞாயிறு இரவு ஷிஃப்ட் என்றால் திங்கள் விடியும்வரை ஞாயிறுதான். பதிவேட்டில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். "ஞாயித்துக்கெழம நைட்டு" என்றார். என்னிடமும் காட்டினார், நானும் சரி என்றேன். மாரிமுத்து ஞாயிறு இரவு விமான நிலையம் போனபோது, சனி நள்ளிரவு தாண்டியதுமே அந்த விமானம் கிளம்பி ஒரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் அவன் போய்ச் சேரும் முன்பே அம்மா போய்விட்டார். "சின்னவன் வந்துட்டானா" என்று ஞாயிறு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மாரிமுத்து கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சூசையண்ணனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "காசு மிஞ்சிச்சிபா, ஆளு மிஞ்சல" என்றார் என்னிடம். ஒரு மாதம் யாருக்கும் டிக்கெட் பார்க்கவில்லை. மறுபடி பார்க்கத் தொடங்கியபோது தேதி சொல்வதை விட்டுவிட்டார். கேன்டீன் டோக்கனின் பின்பக்கம், 'சனி ராத்திரி சாப்பாடு. முடிச்சிட்டுக் கிளம்பு' என்று எழுதிக் கொடுப்பார். "தேதி ஏமாத்தும்பா, வயிறு ஏமாத்தாது." சாவுக்கும் நோய்க்கும் போகிறவர்களுக்கு மட்டும் விலையே பார்க்க மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கேன்டீனில் அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து, நானும் மாரிமுத்துவும் அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு டிக்கெட் தேடினோம். மஸ்கட்டில் நர்ஸ். அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் அடக்கம். பழக்க தோஷம், என் விரல் விலையில் போய் நின்றது.

"வெலயப் பாக்காதிய அண்ணே. மொத ஃபிளைட்டப் போடுங்க" என்றான் மாரிமுத்து.

இடம் இருந்த முதல் விமானம், புதன் 00:50. நள்ளிரவு தாண்டிய அதே மாதிரி நேரம், போனை மாரிமுத்துவிடம் நீட்டினேன். மாரிமுத்து போனை வாங்கி, விரல் விட்டு எண்ணி, மறுபடி எண்ணி, என்னிடம் திருப்பிக் கொடுத்தான். ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'இன்னிக்கு ராத்திரி சாப்பாடு. முடிச்சிட்டுக் கிளம்பும்மா.'

புதன்கிழமை காலை வடக்குப்பட்டில் இருக்கும் சூசையண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். பெட்டியருகே நின்று அப்பா முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பாடு தொண்டைல எறங்கல அங்கிள். நீங்க அனுப்பினது அப்பா சொல்றா மாதிரியே இருந்திச்சி. சாப்ட்டுதான் கெளம்பினேன்" என்றாள். மாரிமுத்து வெளியே போய்விட்டான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த டோக்கன் பழக்கம் ஒன்றுதான். அவரைப் போல மலிவாகத் தேட எனக்கு வராது, பொறுமையும் இல்லை. ஆனாலும் கேட்டு வாருங்கள். எந்தச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.