விசில் வராத இன்ஜின்

அந்தத் தையல்காரர் சுபாவத்திலேயே பயந்தவர். சுவரில் பல்லி கத்தினால் கையில் இருக்கும் கத்திரிக்கோல் கீழே விழும். அப்படிப்பட்டவர் ஆசை ஆசையாகச் சேர்த்தது நீராவி இன்ஜின்களை. எல்லாம் முழங்கை நீளத்துப் பழைய பித்தளை மாதிரிகள். தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜமாகவே ஓடும். பழைய சாமான் கடைகளில் அலைந்து திரிந்து வாங்கினாரே தவிர, ஒன்றையும் ஏற்றிப் பார்த்ததில்லை. தினமும் பாலீஷ் போட்டுத் துடைப்பதோடு சரி.

மனைவியின் அண்ணன் சும்மா இருப்பாரா? "என்ன மாப்ளே, இன்ஜின் வாங்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தீப்பெட்டி வாங்கத் தெரியலையா?" என்று அன்று காலையில் கிண்டலடித்துவிட்டுப் போனார். சுருக்கென்று தைத்தது.

இருப்பதிலேயே பழைய இன்ஜினை எடுத்துத் துணி வெட்டும் மேஜையில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். அடியில் விளக்கை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல்: "அண்ணே, பேன்ட் இடுப்புல ஏறவே மாட்டேங்குது!"

"இதைக் கொஞ்சம் பாத்துக்கோ. விசில் வந்தா அணைச்சிடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். குக்கருக்குத் தினமும் சொல்கிற வார்த்தை, பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

வந்தவரின் பேன்ட் இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இன்ஜினின் விசில் தானாக வராது. கம்பியை இழுத்தால்தான் வரும். ஆவி மிஞ்சினால் தானாகத் திறப்பது மேலே இருக்கும் குட்டி வால்வு. அதுவும் இன்னும் சீறவில்லையே?

உள்ளே ஓடினார். வால்வைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து இறுகி அதைத் திறக்கவிடாமல் அடைத்திருந்தது, அவர் இத்தனை வருஷம் போட்ட பாலீஷ். இன்ஜினுக்குள் கடகடவென்று கொதி. மனைவி அதன் மேல் குனிந்து, மூக்கு உரசுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ கடகடங்குதுங்க. ஆனா தீயே தெரியலையே?"

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்ல நேரமில்லை. கால்கள் வாசல் பக்கம்தான் இழுத்தன. வெடித்தால் அவள் முகத்தில்தான் வெடிக்கும்.

எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. அவளைத் தோளால் இடித்துத் தள்ளினார். அளவுகோலை நீட்டி விளக்கை வெளியே இழுத்து, இஸ்திரி போட வைத்திருந்த ஈரத்துணியை அதன்மேல் போட்டார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பேன்ட்டைப் பிடித்தபடி நின்றவர் கேட்டார்: "என்னண்ணே, உள்ள பாம்பா?"

"இன்ஜின்" என்றார் தையல்காரர்.

"அதான் அணைச்சிட்டீங்களே, போய்ப் பாக்கலாமே?" என்றாள் மனைவி.

"சூடு ஆறணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போக வேண்டாம்."

அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காததை அவள் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். எட்டி, மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.