நண்பனுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

என் அம்மா பதினெட்டு வயதில் ஒரு வெள்ளைக்காரத் தொரையின் காலணி மேல் ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்தவர். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது, கணக்கெழுதும் கிராணி எடையைக் குறைத்துப் போட்டாராம். முறையிட்டால் தொரை சிரித்தாராம். அடுத்த நிமிடம் வாளி கவிழ்ந்ததாம். "பெல்ஜியத்துக்கே என்னப் பத்தி லெட்டர் எழுதிப் போட்டான் தொரை" என்று முடிப்பார். கம்பெனி பெல்ஜியக்காரர்களுடையது, அது உண்மை. மற்றதை வீட்டில் யாரும் நம்பவில்லை. அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் வாளியைப் பெரிதாக்கிக்கொண்டே போவான். போன வருடம் அது தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. சாட்சி சொல்ல ஆள் கிடையாது. அந்தக் கடிதம் பிரஸ்ஸல்ஸில் ஏதாவது ஆவணக் காப்பகத்தில் கிடந்தால் உண்டு. முனைவர் பட்டத்துக்கு நான், 'தோட்ட நிர்வாகக் கடிதங்களில் தொழிலாளர் குரல்' என்று தலைப்பு வைத்ததே அதற்காகத்தான். 'அம்மாவின் வாளி' என்று வைத்தால் பல்கலைக்கழகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்களே.

அங்கே போக ஓர் உதவித்தொகை இருந்தது. ஆறு மாதம் மேல்நிலைப் பிரெஞ்சு, ஆறு மாதம் காப்பகத்தில் ஆய்வு. எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருவர்தான் போக முடியும். வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

விண்ணப்பித்தவர்கள் இருவர்: நானும் என் நண்பனும். அவன் சிலிம் ரிவர்க்காரன். அவனுடைய தோட்டமும் அதே கம்பெனிதான். ஈப்போவில் ஒரு கடை மாடியில் நடக்கும் சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்புக்கு நான்கு வருடம் சேர்ந்தே போனோம். அம்மாவின் வாளிக் கதை அவனுக்கும் தெரியும். பேராசிரியரும் இருவருக்கும் ஒருவரே. சிபாரிசுக் கடிதம் கேட்டதற்கு, "நீங்களே எழுதிட்டு வாங்கப்பா, நான் சைன் பண்ணிடுறேன்" என்றார்.

"நம்மள நாமே புகழ்ந்து எழுத வெக்கமா இருக்கு மச்சான்" என்றான் நண்பன், வகுப்பு முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது. "நீ எனக்கு எழுது, நான் ஒனக்கு எழுதுறேன். ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்க வேணாம்."

"சரிலா" என்றேன்.

சத்தியமாக நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். உழைப்பாளி, நேர்மையானவர், சக மாணவர்களுக்கு உதவுபவர். அதுவரை பேராசிரியர் குரலில் ஜம்மென்று போனது. பிறகு அம்மா அடுப்படிக்குப் போவது ஞாபகம் வந்தது. கை தானாக அடுத்த பத்தியை எழுதிவிட்டது என்று சொன்னால் பொய். நான் யோசித்து, அழித்து, திருத்தித்தான் எழுதினேன். 'நாள்தோறும் மூன்று முறை தம் தாயாரிடம் போனில் பேசாமல் இவரால் இருக்க இயலாது. வெளிநாட்டுத் தனிமையை எவ்வாறு தாங்குவார் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். இவரது பிரெஞ்சு உச்சரிப்பில் சிலிம் ரிவர் மணக்கிறது; எனினும் கூச்சமில்லாமல் பேசுகிறார்.' ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால் மனசாட்சி அன்றைக்கு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பேராசிரியர் இரண்டிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நேர்முகம் கணினி வழியாக நடந்தது. நண்பன் எனக்கு எழுதியதில் குறை என்று எதுவுமே இல்லை போலிருக்கிறது. தேர்வாளர்கள் மூவரும் என்னைச் சாமி படம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இடம் அவனுக்குக் கிடைத்தது.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க எழுதுன லெட்டர்னாலதான் கெடச்சுச்சாமே" என்று கண் கலங்கினார். தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நண்பனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய தாள், தட்டச்சுப் பிரெஞ்சு, மேலே எங்கள் தோட்டத்தின் பெயர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். 'காலணி ஒரு ஜோடி மாற்ற வேண்டியுள்ளது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இளம்பெண் ஒருத்தி அவற்றின் மேல் பால் வாளியைக் கவிழ்த்தாள். பிறகு எடையைச் சரிபார்த்தோம். அவள் சொன்னது சரி. ஆயினும் இவள்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.' கீழே அம்மாவின் பெயர் இருந்தது. எழுத்துப்பிழையோடுதான், ஆனால் அம்மாவின் பெயரேதான்.

அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க அண்ணனுக்குப் போன் போடு" என்றார்.

அதற்கு முன்னால் நான் நண்பனைக் கூப்பிட்டேன். இனியும் மறைத்தால் நான் மனுசனே இல்லை.

"மச்சான், ஒன்னோட லெட்டர்ல நான் என்ன எழுதுனேன்னா..."

"தெரியும்லா. இன்டர்வியூல படிச்சுக் காட்டுனாங்க. அம்மாகிட்ட மூணு தடவ இல்ல, நாலு தடவன்னு நான் திருத்துனேன். சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாம் சுலபமாப் போச்சு."

"ஒனக்குக் கோவம் வரலையா?"

"வராம? ரெண்டு நாளு ஒன்னத் தேடி வந்து அடிக்கலாம்னுகூட இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். இவன் எனக்கே குழி பறிக்கிறான்னா, அந்த வாளி விசயம் இவனுக்கு எவ்வளவு முக்கியமா இருக்கணும்னு. காப்பகத்துல கால வச்சதும் ஒங்கம்மா தோட்டத்துப் பெட்டியத்தான் மொதல்ல கேட்டேன். ரெண்டு மாசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க தோட்டத்துது இன்னும் தொறக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, அவனுடைய உச்சரிப்பு இன்னும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றான்.