ஏழாவது அடியில் மூச்சு

எங்கள் போடி பேண்டு செட்டில் சேர கிளாரினெட் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஓர் இடம் காலியாக வேண்டும். ஆள் நிற்கிற இடம் அல்ல, மூச்சு இழுக்கிற இடம். இது முன்பே தெரிந்திருந்தால் முதல் நாள் அவ்வளவு துள்ளிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

மதுரையில் படித்தபோது விடுதித் தோழன் ஒருவனிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது கிளாரினெட். படிப்பு முடிந்து போகும்போது அவன் அதை என்னிடமே விட்டுப் போனான். ஊர் திரும்பி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாரானேன். இருபத்து மூன்று வயது. மாலையில் பள்ளி விட்ட பிறகு என்னை நானே என்ன செய்துகொள்வதென்று தெரியாது. வீட்டில் வாசித்தால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார், வயலில் ஒரு சோலியும் இல்லாத நாளிலும்.

செட்டில் ஒன்பது பேர். யாருக்கும் அது பிழைப்பு அல்ல. டிரம்பெட் ஊதிக்கொண்டே செட்டை நடத்துகிறவர் தையல்கடைக்காரர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முதல் கிளாரினெட் நாற்பது தாண்டிய வெற்றிலைக்கடைக்காரர். நாள் முழுக்க வெற்றிலை விற்பவர், வாசிக்கிற நாளில் ஒரு துணுக்குக்கூட வாயில் போடமாட்டார். யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலை அணைத்துக்கொண்டு ஊதுகிறவர் மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்குகிறவர். அவருக்கு என் வயதுதான், ஆனாலும் எல்லாருக்கும் அண்ணன். கிண்டல் மட்டும் என்னைப் போல நாலு மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் ஒத்திகை. ஒரு பக்கம் மூட்டைகள், இன்னொரு பக்கம் காய் பொறுக்குகிற பெண்கள், நடுவில் நாங்கள். ஆவணி மாதம் முதல் தடவை அங்கே போனேன்.

“நோட்டுப் பாத்து வாசிப்பீங்களாமே?” என்றார் மாஸ்டர்.

“வாசிப்பேன்.”

“பாக்காமயே வாசிங்க, கேப்போம்.”

எனக்குத் தெரிந்ததிலேயே வேகமான ஒன்றை வாசித்தேன். முடித்தபோது சைடு டிரம்காரர் தலையாட்டினார். யூபோனியம் அண்ணன், “என்னா ஓட்டம். வாத்தியாரு வெரசா வீட்டுக்குப் போகணும் போல இருக்குண்ணே” என்றார்.

“விரலு கெடக்கட்டும்,” என்றார் மாஸ்டர். “நம்ம ரெண்டாவது கிளாரினெட்டு மில்லு வேலைக்கு மதுரைக்குப் போயிட்டான். அவன் மூச்சு ஏழு. காலியாத்தான் கெடக்கு. பிடிச்சுக்கங்க.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளக்கினார். ஊர்வல மெட்டு ஒரு சுற்றுக்குப் பதினாறு அடி. அடி என்றால் காலடி. குழல் ஊதுகிற ஆறு பேரும் ஆளுக்கு ஓர் அடியில் மூச்சு இழுப்பார்கள். யூபோனியத்துக்கு நாலு, மாஸ்டருக்குப் பன்னிரண்டு, முதல் கிளாரினெட்டுக்குப் பதினாறு. ஒருவர் அடியில் இன்னொருவர் இழுக்கக்கூடாது. அப்படி இருந்தால்தான் கிளம்பின இடத்திலிருந்து கோயில் வாசல்வரைக்கும் மெட்டு அறுபடாது. மெட்டு அறுந்தால் டிரம் நிற்கும், டிரம் நின்றால் ஊர்வலம் நிற்கும். இது இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து மூச்சே விடாத ஒரு பெரிய மனிதனை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் பார்க்காமல். ஆனால் மறுநாளே மனம் முரண்டு பிடித்தது. ஏழாவது அடியில் மெட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மூச்சு இழுப்பது பாதி வார்த்தையில் தும்முவது மாதிரி. நான் படித்த இசை நோட்டுப் புத்தகத்தில் மூச்சுக்குறி எப்போதும் வரியின் முடிவில்தான் இருக்கும். எனக்கோ நல்ல தம். பதினாறு அடியும் ஒரே மூச்சில் ஊதமுடியும். பின் எதற்கு ஏழு?

யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகைகளில் ஏழாவது அடியைத் தாண்டிப் போய், வரி முடிகிற பதினாறில் மூச்சு இழுத்தேன். மாஸ்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பொறுக்குகிற பெண்களில் நல்ல குரல் வளமுள்ள ஒரு அக்கா சல்லடையை நிறுத்தி, “அந்தப் புது ஆளு ஊதுறது மட்டும் தனியாக் கேக்குது” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு கல்யாண ஊர்வலம். அதுதான் எனக்கு முதல் வெளிவாசிப்பு. மில்லுக்குப் போனவரின் சீருடைக் கோட்டை எனக்குக் கொடுத்தார்கள். அவர் நெடிய ஆள் போலிருக்கிறது. கோட்டுக் கை என் விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது. மாஸ்டரே தையல்காரர்தானே என்று கையை நீட்டிக் காட்டினேன். “இருக்கட்டும். நீங்க நெலச்சு நிக்கிறீங்களான்னு பாத்துட்டுக் கத்தரி வைப்போம்” என்று சொல்லிவிட்டார்.

பேண்டுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் திறந்த கார். அதற்கும் பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். மூன்றாவது தெருவில் புழுதி என் தொண்டையில் இறங்கியது. பதினாறாவது அடியில் முதல் கிளாரினெட்டோடு சேர்ந்து நானும் மூச்சு இழுத்தேன், இருமல் வந்தது. அடுத்த சுற்றை அவர் எடுக்க, நானும் பாய்ந்து எடுக்கப்போய் என் கிளாரினெட் வாத்துப் போலக் கத்தியது. வெற்றிலைக்கடைக்காரர் திடுக்கிட்டு நிறுத்தினார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். உதடு டிரம்பெட்டை விட்டது, மற்ற குழல்களும் தடுமாறி நின்றன. ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. மெட்டு நின்றதால் டிரம் நின்றது. டிரம் நின்றதால் கோயில் வந்துவிட்டது என்று நினைத்து கார் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

அந்தக் கார் ஒருமுறை அணைந்தால் அன்றைக்கு அவ்வளவுதானாம். எனக்கு அது தெரியாது. கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள், உறுமிவிட்டு அடங்கியது. கடைசியில் பெண் வீட்டார் மாலையும் கையுமாகக் காரைத் தள்ள, தலைப்பாகையோடு மாப்பிள்ளை உள்ளே விறைப்பாக உட்கார்ந்திருக்க, கோயில்வரைக்கும் அப்படியே போனோம். ஒரு கிழவர் தள்ளிக்கொண்டே, “மாப்ளே, இப்பவே தள்ளவிட்டுட்டியே எங்கள” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் செட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கோயில் வாசலில் கோட்டைக் கழற்றி மாஸ்டரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தை மாசம் மேல எஸ்டேட்டுல மாரியம்மன் கும்பிடு. குரங்கணி தாண்டி ஏறணும். ஏறிக்கிட்டே வாசிக்கணும். அதுக்கு மட்டும் வாங்க. அங்கயும் அறுந்துச்சுன்னா, நீங்க பள்ளிக்கூடத்தோட நின்னுக்கங்க வாத்தியாரே. கோவிச்சுக்கப்படாது.”

அதற்குள் அந்தச் செட்டை விட்டுவிட முடியாத நிலைக்கு வந்திருந்தேன். அந்த ஆறு பேர் சத்தத்துக்குள் நிற்பதைப் போல வேறெதுவும் என் வாழ்க்கையில் இல்லை.

தம் பழகுவதற்காக விடுமுறை நாட்களில் தனியே குரங்கணிப் பாதையில் ஏற ஆரம்பித்தேன். ஒருநாள் மேலிருந்து மூட்டைக்காரர்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். பாதை ஓராள் அகலம். பின்னால் பொதி கழுதைகள். நாலாவது ஆள் எங்கள் யூபோனியம் அண்ணன். முதல் ஆள் பாதையோரப் பாறையில் மூட்டையைச் சாய்த்து நின்றார். மற்றவர்கள் அவரைக் கடந்து நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அடுத்தவர் நின்றார், முன்னவர் வந்து சேர்ந்துகொண்டார். வரிசை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“என்ன வாத்தியாரே, மலைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க வந்தீங்களா?” என்று தன் முறைக்கு ஓரத்துப் பாறையில் சாய்ந்தபடியே கேட்டார் அண்ணன்.

“எல்லாரும் ஒண்ணா நின்னு இளைப்பாறுனா என்ன?”

“நிக்கலாம். பின்னால வர்ற கழுதைய யாரு நிப்பாட்டுறது?” மூட்டையைத் தூக்கிக்கொண்டார். “எனக்கு இங்ஙன மூச்சு முட்டல. ஆனாலும் இங்ஙனதான் நிக்கணும். முட்டுற எடத்துல நிக்க எடம் இருக்காது பாருங்க.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் செட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அந்தப் பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாறடிக்கும் எனக்குத் தம் இருக்கிறது என்று மூன்று மாதமாக நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது அடி எனக்காக வைத்ததே இல்லை. பதினாறில் வெற்றிலைக்கடைக்காரர் மூச்சு விடும்போது என் நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும், அதற்காக வைத்தது.

தை மாதம் அந்த நாள் வந்தது. குரங்கணியில் பஸ்சை விட்டு இறங்கி நடந்தோம். எஸ்டேட் எல்லையில் அவரவர் வாத்தியத்தை எடுத்தோம். காலை வெயில் இன்னும் மரங்களுக்குள் நுழையவில்லை. தோட்டத்து ஜனங்கள் ஈரத் துணியோடு பால்குடம் ஏந்தி எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். மெட்டு நின்றால் இவர்களும் நிற்பார்கள், தலையில் குடத்தோடு, ஏற்றத்தில். மாஸ்டர் குடங்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

முதல் வளைவுவரை ஏழாவது அடியில் சரியாக இழுத்தேன். வேண்டியதே இல்லாத மூச்சு. அதை இழுப்பதற்கு ஒருவிதக் கூச்சம் இருந்தது, பசியில்லாமல் விருந்துக்கு உட்கார்ந்தது போல. இரண்டாவது வளைவில் ஏற்றம் செங்குத்தானது. என் பக்கத்தில் வெற்றிலைக்கடைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. பதினாறுவரை அவரால் போக முடியாது என்று தெரிந்தது. பன்னிரண்டில் மாஸ்டர் இழுக்கிற அதே அடியில் அவரும் விட்டுவிட்டார். மேல்சுரத்தில் நான் மட்டும். என் நெஞ்சில் ஏழாவது அடியின் காற்று முழுசாக இருந்தது. கீழே யூபோனியம் ஒரு பாறை மாதிரித் தாங்கியது. மெட்டு மெலிந்தது, அறுபடவில்லை. அடுத்த சுற்றுக்கு அவர் திரும்ப வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மேலே போய்ச் சேரும்வரை அப்படித்தான். அவர் எங்கே முடியவில்லையோ அங்கே விட்டார். அவர் தோள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து நான் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் தன் இயலாமையை என்னிடம் அவ்வளவு நம்பிக்கையோடு கொடுத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அவரை நினைத்து.

கோயில் வாசலில் மாஸ்டர் கையைக் காட்டினார், நிறுத்தினோம். குடங்கள் இறங்கின. தோட்டத்துப் பெண் ஒருவர் சூடாகப் பால் விடாத கட்டன்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வெற்றிலைக்கடைக்காரர் தன்னுடையதை எனக்கு நீட்டி, “நீங்க முதல்ல குடிங்க” என்றார். யூபோனியம் அண்ணன் மட்டும், “வாத்தியாரு இன்னிக்கு வெரசா வீட்டுக்குப் போகல போல” என்றார். மாஸ்டர் எதுவுமே சொல்லவில்லை. இறங்கும்போதும் சொல்லவில்லை. போடி வந்து பிரிகிறபோதும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வரை பள்ளியில் எந்தக் கணக்கும் ஓடவில்லை.

ஞாயிறு மதியம் கிட்டங்கிக்குப் போனேன். வழக்கம்போல மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். ஏழு, ஏழு, ஏழு. முடிந்ததும் மாஸ்டர் ஒரு மூட்டைமேல் கிடந்த கோட்டை எடுத்து என் தோளில் மாட்டினார். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, மூட்டைகளுக்குப் பின்னால் வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்தினார். வாயில் நாலு குண்டூசி.

அந்தப் பக்கம் சல்லடை நின்றது.

“ஏண்ணே,” என்று அந்த அக்காவின் குரல் கேட்டது, “அந்தப் புது ஆளு இன்னிக்கு வரலயா? தனியாக் கேக்குமே, காணோம்.”

மாஸ்டருக்கு வாயில் குண்டூசி. கையை நீட்டச் சொல்லி என் முழங்கையைத் தட்டினார்.