டேங்க் மூடியின் துளை

என் தங்கையின் கணவர் மெக்கானிக். கார்பரேட்டர் காலத்து வண்டி என்றால் வெகுதூரத்திலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். வண்டி பாதி வழியில் நின்றுபோகிறது என்று யார் சொன்னாலும், பானெட்டைத் தொடும் முன் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுப்பார். மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்திருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. திறந்ததும் மூடி 'புஸ்' என்று காற்றை இழுக்கும். "வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க" என்பார்.

அவர்களுடைய பழைய காருக்குப் பெட்ரோல் போட்டு வருவது என் பொறுப்பு. தேதி, லிட்டர், ஓடிய தூரம் எல்லாம் நோட்டில் எழுதுவேன்.

"மச்சான், நான் தும்மினதையும் எழுதிட்டீங்களா?"

"ரெண்டு தும்மல், மாப்பிள்ளை."

தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்போது அவளுக்கு இதயம் பலவீனமாகியிருக்கவில்லை.

ஏப்ரல் 11, காலை 9.40. அவளுக்கு மூச்சுத் திணறியது. பெரிய ஆஸ்பத்திரி இருபத்து நான்கு கிலோமீட்டர். பதினெட்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. மாப்பிள்ளை ஃபில்டரைக் கழற்றினார், குழாயை ஊதினார், பம்பைப் பிரித்தார். நான் சாலையில் நின்று கை காட்டினேன். மூன்று வண்டிகள் நிற்காமல் போயின.

"ஊரார் வண்டின்னா பத்து நிமிஷம்," என்றாள் பின்சீட்டிலிருந்து. "பொண்டாட்டி வண்டின்னா மட்டும் ஆடி அசைஞ்சு பாப்பீங்களோ?"

"இதோ முடிஞ்சிருச்சும்மா."

10.52க்கு அவள் மூச்சு நின்றது. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது.

அடுத்த பதினெட்டு நாளும் அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. அதே காரைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். "எல்லாம் சரியா இருக்கு மச்சான். அப்புறம் ஏன் நின்னுச்சு?"

பத்தொன்பதாம் நாள் என் நோட்டைக் கேட்டார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

'மார்ச் 30. பத்து லிட்டர். மூடி திறந்தபோது புஸ் என்ற சத்தம். ஏப்ரல் 6. பத்து லிட்டர். அதே சத்தம்.'

விரல் அங்கேயே நின்றது. போய் மூடியைத் திருகி எடுத்து வந்தார். துளையில் பசை இறுகிக் கிடந்தது. அன்று கழற்றிய குழாய் வழியே டேங்குக்குள் காற்று போனதால்தான் வண்டி பிறகு கிளம்பியிருக்கிறது.

"பெட்ரோல் வாடை பின்சீட்டுக்கு வருது, குமட்டுதுன்னு அவ சொன்னா. நான்தான் அடைச்சேன். ரெண்டு நாள்ல வேற வழி பண்ணிக்கலாம்னு நெனச்சேன். மறந்தே போயிட்டேன். நம்ம வண்டின்னதும் மூடியைத் திறந்து பாக்கவே தோணல." நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்து, "எழுதியிருக்கீங்களே மச்சான். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கேட்டது நியாயம்.

ஊசியால் பசையைக் குத்தி எடுத்தார். இருவரும் அதே சாலையில் போனோம். "பாருங்க, இப்பவும் நிக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். நின்றால் காரணம் வேறு என்றாகிவிடும். நிற்க வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பதினெட்டாவது கிலோமீட்டர் வந்தது. வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது.