நான் பாவமாக நடித்த நாடகம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் நடந்த அந்த நாடகத்தில் நான் யாருக்கும் எதையும் உணர்த்த முயலவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் அந்த நாடகத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது, கறுப்புத் துணி கழுத்தெல்லாம் அரிக்கும் என்பது மட்டும்தான். ஆனால் இன்றைக்கும் தென்காசியில் சபைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும், "நீதான அந்தப் பாவம்? அந்த வயசிலயே என்ன ஒரு கருத்து" என்று தலையை ஆட்டுகிறார்கள். கருத்தாவது ஒன்றாவது. சொன்னால் நம்பினால்தானே.

இப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி முதுகலை இலக்கியம் படிக்கிறேன். நாடகத் தாள் எடுக்கும் பேராசிரியைக்கு மேடையில் ஒரு நாற்காலி கிடந்தால் அது நாற்காலி இல்லை, அதிகாரம். யாரும் உட்காராத நாற்காலி என்றால் கடவுள் இல்லாமை. உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்காக யாரும் நாற்காலி போடுவதே இல்லை போலிருக்கிறது. போன வாரம் என்னை எழுப்பி நிறுத்தி, "நீங்க சர்ச்சுக்குப் போற பொண்ணு, சிம்பல் எல்லாம் உங்களுக்கு ரத்தத்துலயே இருக்கும்" என்றார். ரத்தத்தில் இருப்பது உண்மைதான். அது அப்பாவிடமிருந்து வந்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். வருஷத்துக்கு ஒரு நாடகம், சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எழுதுவார். அவர் நாடகங்களில் மனிதர்கள் வரமாட்டார்கள். விசுவாசம் வரும், பொறுமை வரும், இச்சை வரும். ஒரு வருஷம் என் அண்ணன் 'காலம்' என்ற வேஷத்தில் சுவர்க் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றான். கடிகாரம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களுக்கு, நித்தியத்தில் காலம் நின்றுவிடும் என்று அப்பா விளக்கம் சொன்னார். பேட்டரி போட மறந்துவிட்டது என்பது வீட்டில் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் வீட்டில் நாடகத்தை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பண்பொழிக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். அவர் நம் மதமில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடை வைத்திருந்தார். அப்பா சித்திக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்த நேரம் அது. என் வீட்டு வாசலை அவள் மிதிக்கக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. அதனால் சித்திக்குத் தாய்வீடு என்று ஒன்று உண்டென்றால் அது எங்கள் வீடுதான். நாடகம் நடந்த அந்தச் சமயத்தில் சித்திக்கு ஏழு மாசம்.

"தலைப்பிரசவத்துக்கு அவ எங்கன போவா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தோசை வைக்கும்போது கேட்பாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது கேட்பாள். அப்பா நாடகத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருப்பார்.

நான் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன், சித்தி ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க சித்தி செஞ்சது பாவம்ட்டி" என்றார். அடுக்களையிலிருந்து அம்மா, "அவ பாவம்" என்றாள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னதால் இந்த விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒத்துப்போன பிறகும் ஏன் அவளைக் கூப்பிடாமல் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் நாளைக்கு நூறு தடவை புழங்கும். நொண்டிப் பூனை பாவம். பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் கண்டக்டர் பாவம். கணக்கில் கோட்டைவிட்ட அண்ணன் பாவம். ஜெபத்தில் வருவது 'பாவங்கள்', அது பன்மை. எங்கள் பாவங்களை மன்னியும் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவோம். அந்தப் பாவங்களில் ஒன்று கைகால் முளைத்து வந்து வாசலில் நிற்கும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எனவே அப்பா வேஷங்களைப் பிரித்துக்கொடுத்து, "நீ பாவம்" என்று என்னிடம் சொன்னபோது நான் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. கதையும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆத்துமா என்று ஒருத்தி, அவளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் பாவமும் இருக்கிறது. கடைசிக் காட்சியில் ஆத்துமா அதைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். வீட்டை விட்டு விரட்டப்படுகிற ஆளைப் பாவம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

ஆத்துமா என் அத்தை மகள். பதினோரு வயது, வெள்ளை சாட்டின் கவுன், நாலு பக்க வசனம். அப்பாவின் முழுக் கவனமும் அவள் 'ழ'கரத்தில்தான் இருந்தது. எனக்கு வசனமே இல்லை. ஒத்திகையில் நான் ஏதாவது கேட்கப் போனால், "நீ இப்ப இங்கன நில்லு, அது போதும். அன்னைக்குக் கடைசியில மட்டும் நல்லா உணர்ச்சியா வெளிய போகணும், கேட்டியா?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, உறுமிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே ஓட வேண்டும் என்று அவர் மனதில் நினைத்திருக்கிறார். அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? உணர்ச்சி என்றால் எந்த உணர்ச்சி என்று ஒரு தமிழாசிரியர் சொல்ல வேண்டாமா?

பண்டிகை வந்தது. நல்ல சாரல். குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசியிலும் துணி காயாது. சபை மண்டபத்தின் தகரக் கூரை மேடைக்கு நேர் மேலே ஒழுகியது. யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசிக் காட்சிக்கு மேடையில் ஒரு கதவு வேண்டுமே, அதற்குச் சபை உபதேசியார் வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். துண்டு மாட்டும் ஆணிகூட அதில் அப்படியே இருந்தது.

பின்வரிசையில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், சித்தி உட்கார்ந்திருந்ததை நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். சபைப் பண்டிகைக்கு யாரும் யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. சீசன் நேரத்தில் கடையை விட்டுவிட்டு, ஒரு பை சிப்ஸோடு, நனைந்த சேலையில் வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி. அத்தை மகள் தன் நாலு பக்கத்தையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, "இனி இவ்வில்லத்தில் உனக்கு இடமில்லை. அகன்று போ" என்று என்னைத் தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டாள். நான் வாளியில் இடித்துக்கொண்டு வெளிப்பக்கம் போய் விழுந்தேன். கதவு சாத்திக்கொண்டது. தகரத்தில் மழைச் சத்தம். அப்பா சொன்ன உணர்ச்சி எனக்கு அப்போது நிஜமாகவே வந்துவிட்டது. கதவைத் தட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். எனக்கென்று வசனம் இல்லாததால், வீட்டில் கேட்டது வாயில் வந்தது.

"நான் எங்கன போவேன்? மழ பெய்யுதுல்லா. கதவத் தொறங்க, நான் ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்."

கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று ஒவ்வொரு வரிசையாக. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அத்தை மகள் இளகிய மனசுக்காரி, கோழி அறுப்பதைப் பார்த்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அவள் கதவைத் திறந்து, "சரி, அழாத, உள்ள வா" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆத்துமா பாவத்தை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

மேடை ஓரத்தில் அப்பா, கையில் வசனத் தாளோடு, தலையில் இடி விழுந்தவர் மாதிரி நின்றார். "எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு" என்று முணுமுணுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆத்துமாவின் கவுனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா வாயைத் திறந்து அது தப்பு என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் குருவானவர் மேடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மன்னிப்பப் பத்தி நான் எத்தன பிரசங்கம் பண்ணியிருப்பேன். நீங்க ஒரே கதவுல சொல்லிட்டீங்களே." அப்பாவின் நாடகத்தை யாரும் அதுவரை இப்படிப் பாராட்டியதில்லை. நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒழுகிய கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த வாளியில சொட்டுச் சொட்டா விழுந்துதே, அது கண்ணீர்தான சார்?" என்று கேட்டார். அப்பா வாளியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ஆமா" என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் சங்கத்து அக்கா ஒருத்தி அத்தோடு விடவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், கொழுந்தியாள வீட்டுக்குக் கூப்பிடணும்னா நேராவே கூப்பிட்டிருக்கலாம்லா. இதுக்குன்னு ஒரு நாடகம் எழுதி எங்க எல்லாரையும் அழ வச்சிட்டீங்களே" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி எழுந்து நின்றாள். எங்கே ஓடுவது என்று தெரியாதவள் போல சிப்ஸ் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அம்மா ஏற்கனவே அவள் பக்கத்தில் போய்விட்டாள். "சேல எல்லாம் நனஞ்சிருக்கு, வா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

சபையே அப்பாவைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று பதினைந்து வருஷமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. இப்போது மட்டும் இதற்கு அந்த அர்த்தமில்லை என்று எப்படிச் சொல்லுவார்? "ஆட்டோ பிடிச்சுக்கிடுங்க, அவள நடக்க வைக்க வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, குளியலறைக் கதவைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

வீட்டில் சித்தி உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். குரலைத் தணித்து, என்னைக் காட்டி, "நீதான இவளுக்குச் சொல்லிக்குடுத்த?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நெசத்தச் சொல்லு. யாரு உன்ன அழச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. அம்மா ஒண்ணுமே சொல்லல. பாவம்னா அழத்தான செய்யும்?"

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். "நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவிடம் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தம்பி பிறந்து மூன்று மாசம் கழித்துத்தான் குற்றாலம் போனாள். அவள் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் வந்து முன்னறையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் பேசாமல் சிப்ஸ் தின்பார்கள்.

அன்றைக்கு நான் அப்பாவிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அம்மா எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. நாடகத்துக்குப் பத்து நாள் முன்னால், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, "பாவம்னா வெளிய போகும்போது இப்படித்தானம்மா அழணும்?" என்று கேட்டு அழுது காட்டினேன். என் கட்டுரை நோட்டில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் ஸ்கேலைத் தேடுகிறவள் அம்மா. துருவிக்கொண்டிருந்த கை நின்றது. முன்னறையில் அப்பா அத்தை மகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ அழு, பாப்போம்" என்றாள்.

என் நடிப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நானும் அழுது காட்டினேன்.