மேற்குச் சமவெளிக்கு டிக்கெட் போட்டவள்

டிக்கெட் போடுவது அரை மணி நேர வேலை, போனவர் திரும்பி வரும்வரை கவலைப்படுவதுதான் எங்கள் தொழில் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்னைப் போல டிராவல்ஸ் நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் வேலை கிடைத்து அமெரிக்காவின் மேற்குச் சமவெளிச் சிற்றூர்களுக்குப் போகத் தொடங்கினார்கள். பெற்றவர்களை அங்கே அனுப்புவது என் பாடாயிற்று.

கை காட்டும் ஊர்

ஆக்லாந்தின் மாஸி பகுதியிலிருந்து போன மதுரைக்கார அம்மா ஒருவருக்கு நெப்ராஸ்காவில் ஒரே ஆச்சரியம். எதிரே வரும் வண்டிக்காரர் எல்லாம் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்களாம். ஒரு மாதத்தில் அவருக்கும் பழகிவிட்டது. திரும்பி வந்து என்னிடம் குறைப்பட்டார்: "இங்கேயும் கை காட்டுறேன்மா, சண்டைக்கு வர்றாங்க!"

புளி

பக்குரங்கா பகுதி அக்கா ஒருவர் மகளுக்காகக் கட்டி வைத்த கறிவேப்பிலையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். கான்சஸ் போய்ச் சேர்ந்தும் அழுகை அடங்கவில்லை. மகள் சமாதானத்துக்கு ஒரு மெக்சிகோக்காரர் கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கே கூடை நிறையப் புளியம்பழம்! கடைக்கார அம்மாவுக்கு ஸ்பானிஷ், இவருக்குத் தமிழ். "ஒரு வார்த்தை புரியலை. ஆனா ரெண்டு மணி நேரம் பேசினோம்."

பனியில் நின்ற பஸ்

லின்ஃபீல்ட் பகுதியில் இருக்கும் சிவநேசன் அண்ணை, மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்ததிலிருந்து அவளோடு கதைப்பதில்லை. மனைவி இறந்த பிறகு ஒரு நாள் வந்து, டென்வருக்கு டிக்கெட் கேட்டார். அங்கிருந்து மகளின் ஊருக்கு பஸ். அவளுக்குச் சொல்லவில்லை, வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம்.

பாதி வழியில் பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்களை ஒரு சின்ன ஊர்ச் சர்ச் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். ஊர்க்காரர் போர்வையும் சூப்பும் கொண்டுவந்தார்களாம். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, டிக்கெட்டை மாத்தேலுமோ? நான் திரும்பி வாறன்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அவசரத்துக்கென்று அவர் எழுதித் தந்திருந்தது மகளின் எண். அழைத்தேன். செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. அப்பா பனியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சாலை திறந்ததும், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே அவளும் கணவனும் வந்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து என் கடைக்கு வந்த அண்ணை, உட்காராமலே சொன்னார்: "நாலு வருசம் நான் கதைக்கேல்லை, தங்கச்சி. அவள் வந்து முதல் கேட்டது, 'அப்பா, சாப்பிட்டீங்களோ?' எண்டு."

ஊர் எவ்வளவு சின்னதோ, போய் வந்தவர் சொல்லும் கதை அவ்வளவு நீளம். சந்தேகமென்றால் என் கடையில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைக் கேளுங்கள்.