எலிக்கு இல்லாத பித்தப்பை

அந்த நர்சிங் கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்பில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. நாற்பத்தொன்றாவது ஆளுக்கு முப்பத்தாறு. பதினோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்துவிட்டு, பாதியில் நின்ற படிப்பை முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி வந்தவள். வந்த முதல் நாளே பெண்கள் அவளுக்கு 'ஆயாம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிடக் கேவலமாகக் கூப்பிட்டவர்களையும் வார்டில் குளிப்பாட்டித் தலைவாரி விட்டிருக்கிறாள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பாள். மூத்திரப் பை நிறைந்தால் நர்ஸுக்கு முன்னால் அவள் கண்ணில் படும். ஆனால் ஊசியைத் தொடக்கூடாது, மாத்திரையைத் தொடக்கூடாது, நர்ஸ் நாற்காலியில் மறந்தும் உட்காரக்கூடாது. நர்ஸாகிவிட வேண்டும் என்பது அவளுக்கு ஆசையில்லை, வைராக்கியம். அதற்கு முதல் வருடத் தேர்வு எழுத வேண்டும். தேர்வுக்கு ஹால் டிக்கெட் வேண்டும். ஹால் டிக்கெட்டுக்கு அனாடமி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வேண்டும். அங்கேதான் எலி குறுக்கே வந்தது.

அனாடமி ட்யூட்டருக்குப் பெண்கள் வைத்த பெயர் 'சிவப்பு மை'. எந்த நோட்டைக் கொடுத்தாலும் சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு 'குட்'. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் அவருடைய தகுதிக்குக் குறைவான வேலை. எலி அறுக்கும் நாளில் அவர் அறைக்குள் வரமாட்டார். வாசலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்று, "பயப்படாம வெட்டுங்கடி, தைரியம் இல்லாதவ நர்ஸா இருக்க லாயக்கில்ல" என்று வீரம் ஊட்டுவார்.

அன்று நாலைந்து பேருக்கு ஒரு எலி என்று பத்து எலிகள் வந்தன. லேப் அட்டெண்டர் ஒவ்வொன்றாகக் குளோரோஃபார்ம் பஞ்சு போட்ட கண்ணாடி ஜாடிக்குள் விட்டு மூடினார். முதல் எலி உள்ளே போனதும் பின்னங்காலில் நின்று, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பெண்கள் சிரித்தார்கள். ஆயாம்மா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"என்னம்மா, மயக்கமா?" என்றார் வாசலில் இருந்து சிவப்பு மை.

"மயக்கமெல்லாம் இல்ல மேடம். நான் இத செய்ய மாட்டேன்."

"பதினோரு வருஷம் ஆஸ்பத்திரில இருந்தவங்களுக்கு ரத்தத்தப் பாத்தா பயமா?"

"ரத்தத்த வாளி வாளியா கழுவியிருக்கேன் மேடம். ஒருத்தர நான் அழுத்திப் பிடிச்சாலும் அவங்க நல்லதுக்குத்தான் பிடிச்சிருக்கேன். இந்த எலிய நான் எதுக்குப் பிடிக்கணும்? இதுக்கு என்ன நோவு, இதுக்கு நான் என்ன வைத்தியம் பண்ணப்போறேன்?"

நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எலிக்கு நர்ஸ் வந்துட்டாங்க என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி எலிக்கு நாடி பிடித்துக் காட்டினாள். சிவப்பு மையும் சிரித்தார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு. அறுக்காதவளுக்குக் கையெழுத்து கிடையாது, கையெழுத்து இல்லாதவளுக்குத் தேர்வு கிடையாது, வேண்டுமானால் பழைய வாளியையே தூக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் நியாயம் பேசினார். "வீட்ல பொறி வச்சுப் பிடிக்கறோமே, அது எலி இல்லையா? ஒரே ஒரு எலி. கண்ண மூடிக்கிட்டு வெட்டிட்டு வந்துடேன்."

"கண்ண மூடிக்கிட்டு வெட்டறதுக்கு எதுக்குங்க காலேஜ்?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து சிவப்பு மை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. "இங்க பாரும்மா, நீ வெட்டவே வேண்டாம். சீனியர் நோட்டு ஒண்ணு தரேன், பாத்து வரைஞ்சுடு. கீழ 'நானே அறுத்துப் பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுடு, நானும் போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தானே வரையறாங்க?" தைரியம், தைரியம் என்று வாசலில் நின்று கத்திய வாய்தான் இதையும் சொன்னது.

ஆயாம்மா நோட்டை வாங்கிப் பிரித்தாள். எலியின் வயிறு, அழகான படம். ஈரலுக்கு அடியில் பச்சை வண்ணத்தில் ஒரு பித்தப்பை. பித்தப்பை அவளுக்குப் புதிதல்ல. ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த பித்தப்பைகளைக் கல்லோடு பாட்டிலில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனவள் அவள். எலிக்கு அது எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாள். செத்ததைப் பார்ப்பதில் அவளுக்குத் தடை ஏதும் இல்லை. அறுத்துப் போட்ட பத்து எலிகளும் கழிவு வண்டிக்காக லேப் குளிர்பெட்டியில் காத்திருந்தன. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஈரலைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. மறுபடி முதலில் இருந்து பார்த்தாள்.

"அண்ணே, இதுல பித்தப்பை எங்க இருக்கும்?" என்று அட்டெண்டரிடம் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "பதினெட்டு வருஷமா எலி வாங்கிப் போடறேன், நான் பாத்ததில்லம்மா. நோட்டுல இருக்கும் பாரு."

நூலகத்தில் தூசி படிந்த விலங்கியல் புத்தகம் ஒன்றில் பதில் கிடைத்தது. எலிக்குப் பித்தப்பையே கிடையாது. மனித உடல் படத்தைப் பார்த்து என்றைக்கோ ஒரு புண்ணியவதி அதை வரைந்து வைக்க, அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள் என்று பதினெட்டு வருடமாக இல்லாத உறுப்புக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பச்சைக்குப் பக்கத்திலும் சிவப்பாக ஒரு 'குட்'.

எலி அறுக்க மறுத்ததற்கான விசாரணை பிரின்சிபால் அறையில் நடந்தது. ஆயாம்மா படம் வரையாத காலி நோட்டோடு நின்றாள். சிவப்பு மை நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். "கண்ணால பாத்துக் கத்துக்கறது மாதிரி எதுவும் வராது மேடம். அதுக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டு அறுக்க வைக்கறோம்."

ஆயாம்மா சீனியர் நோட்டையும், வகுப்புத் தோழிகளிடம் கெஞ்சி வாங்கிய ஐந்தாறு நோட்டுகளையும், விலங்கியல் புத்தகத்தையும் மேசைமேல் விரித்தாள். "எலிக்கு இது கிடையாது மேடம். பத்து எலியோட ஈரலையும் தூக்கிப் பாத்துட்டேன். அறுத்தவங்க ஒருத்தர் கண்ணுக்கும் அது படல."

பிரின்சிபால் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். சிவப்பு மைக்கு முகம் செத்துவிட்டது. "அன்னிக்கு வந்த எலிங்களுக்கு... சிலதுக்கு இருந்திருக்கும் மேடம்" என்று முணுமுணுத்தார். அப்படி ஒரு பதிலைச் சொல்லவும் தைரியம் வேண்டும்தான்.

அடுத்த வாரம் நர்சிங் கவுன்சிலில் இருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உயிரைக் கொன்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பொய்யை வரைந்ததைப் பற்றியும் இல்லை. எல்லோரும் இன்றைக்கே பச்சையின் மேல் வெள்ளை மை பூசிவிட வேண்டும் என்றார். பிறகு, "அடுத்த வருஷத்துலேர்ந்து எலி வேண்டாம். முயல் வாங்கிடலாம். முயலுக்குப் பித்தப்பை உண்டில்ல?" என்று புத்தகத்தைப் பார்த்தார். இருந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது. சிவப்பு மை பெருமூச்சு விட்டார்.

ஐயோ, முயலை நானே காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று ஆயாம்மாவுக்கு உறைத்தது.

"நீ கெட்டிக்காரிதான்" என்று பிரின்சிபால் அவள் நோட்டைத் தள்ளினார். "படத்த அப்புறம் ஒழுங்கா வரைஞ்சுக்கோ. இந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போடு, நானே உனக்குப் போட்டுத் தரேன். விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்."

பக்கத்தின் அடியில் அச்சடித்த வரி: 'நானே அறுத்துப் பார்த்தேன்.' ஆயாம்மா நடுவில் இருந்த ஒரு சொல்லை அழுத்தமாக அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். நானே பார்த்தேன்.

"இதுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"அவங்க அறுத்தாங்க மேடம், நான் பாத்தேன். பாத்ததுக்குப் போடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, இந்த நோட்ட ஆய்வுக்கு வர்றவங்ககிட்டயே காட்டிக் கேட்டுக்கறேன்."

பேனா சட்டென்று ஓடியது. சிவப்பு மை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆயாம்மா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டது கிடைத்ததற்காக அல்ல. இனி வரப்போகும் முயல்களுக்காக. பத்து நிமிடம் கழித்து முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, திரும்பவும் பிரின்சிபால் அறைக்கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, இன்னும் என்ன?"

"முயலப் பத்திப் பேசணும் மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கையெழுத்து வாங்கியாச்சு. இனிமே நிதானமாப் பேசலாம்."